சட்டை போடாத வண்டிகளின் தல புராணம்

ஸ்ட்ரீட்ஃபைட்டர் பைக் எந்த ஊரில் பிறந்தது என்று டுகாட்டிக்காரரைக் கேட்டால் இத்தாலியில் போலோன்யா என்பார். டிரையம்ஃப்காரர் இங்கிலாந்தில் ஹிங்க்லி என்பார். கே.டி.எம்.காரர் ஆஸ்திரியாவில் மாட்டிக்ஹோஃபன் என்று ஓர் ஊரைச் சொல்வார். நாம் அதை ஒரு தடவை உச்சரித்து முடிப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று பேரும் சேர்ந்து மறைக்கிற ஊர் ஒன்று இருக்கிறது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில், ஒரு பக்கம் சேலத்துக்கும் மறுபக்கம் கடலூருக்கும் கிளை பிரிகிற ஜங்ஷன். பீங்கான் சூளைகளின் ஊர். விருத்தாசலம்.

ஆதாரம் கேட்பவர்கள் நேரே பெரிய கோயிலுக்கு வரலாம். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுத்த கோயில். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாத ஊர். சுவாமி புறப்பாட்டு வாகனங்களைப் பாருங்கள். ரிஷபம், மயில், மூஞ்சூறு, சிம்மம். எதற்காவது முன்னால் கண்ணாடி உண்டா? விலாவில் பிளாஸ்டிக் மூடி உண்டா? எல்லாம் திறந்த மேனி. அதிலும் ரிஷபத்தைக் கவனியுங்கள். எடையெல்லாம் முன்னால் திமிலில் குவிந்து, தலை தாழ்ந்து, பின்பக்கம் ஒல்லியாக மேலேறி நிற்கும். இந்த உடல்வாகை வரையத்தான் ஐரோப்பிய டிசைனர்கள் கம்ப்யூட்டர் முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள். மூஞ்சூறுக்கு சீட் உயரம் குறைவு, மைலேஜ் அதிகம். அது வேறு பிரிவு.

சம்பளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தக் கோயிலில் திருப்பணி நடந்தபோது பட்டுவாடா செய்தவர் விபசித்து முனிவர் என்பது தல புராணம். சாயங்காலம் வன்னி மரத்து இலையைப் பறித்து ஆளுக்கு ஒரு கை கொடுப்பாராம். உழைத்தவன் கையில் அது உழைப்புக்குத் தக்க பொன்னாகும். நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவன் கையில் இலையாகவே இருக்கும். இந்த முறை மெக்கானிக் பட்டறைகளில் மட்டும் அமலுக்கு வந்திருந்தால், தமிழ்நாட்டில் ஆடுகளுக்குத் தீவனப் பஞ்சமே வந்திருக்காது.

வாகன வசதி இல்லாததால் இந்த ஊரில் நடந்த பெரிய சங்கடம் சுந்தரருடையது. பாடிய பாட்டுக்கு இந்தக் கோயில் சுவாமி பழமலைநாதர் 12,000 பொன் கொடுத்துவிட்டார். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது திருவாரூருக்கு, மனைவி பரவை நாச்சியார் கையில். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வழியெல்லாம் கள்ளர் பயம். கையில் வண்டி இல்லை. சுந்தரர் மனுப் போட்டார். சிவபெருமான், “மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்” என்றார். வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? சாம்பிளுக்கு ஒரு துண்டுப் பொன்னைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை ஆற்றில் போட்டார். அங்கே குளத்தில் எடுத்த பொன்னை உரசிப் பார்த்தால் மாற்றுக் குறைவு. திரும்பவும் பாட்டு, திரும்பவும் பஞ்சாயத்து, பிறகுதான் கணக்கு நேரானது. ஒரு நல்ல வண்டி இருந்திருந்தால் இத்தனை தொல்லை இல்லை. சில தேவாரப் பதிகங்களும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஆயிரத்துச் சொச்சம் வருடம் வண்டி விஷயத்தில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. மாட்டு வண்டிதான். சோழர் போனார், நாயக்கர் போனார், ஆங்கிலேயர் ரயில் விட்டுவிட்டுப் போனார்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரிலிருந்து புல்லட் வர ஆரம்பித்தது. அதற்கும் ஃபேரிங் என்கிற மூடி கிடையாது, எஞ்சின் வெளியேதான் தெரியும். அதனால் அதுவும் ஸ்ட்ரீட்ஃபைட்டர்தானே என்று சிலர் வாதிடுவார்கள். இல்லை. புல்லட் சண்டை போடாது, நாட்டாமை பண்ணும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரசரை அழுத்தி, பிஸ்டனைச் சமாதானப்படுத்தி, பிறகு உதைக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திரும்பி உதைக்கும். சப்-இன்ஸ்பெக்டரும் மிராசுதாரும் மட்டும் அதை வைத்திருந்ததற்குக் காரணம் விலை என்பார்கள். அவர்கள் இரண்டு பேருக்குத்தான் திருப்பி உதைக்கிற ஒன்றிடம் சேவகம் வாங்கிப் பழக்கம் என்பது என் கருத்து.

1961இல் மைசூரில் ஜாவா வந்தது. அதைச் சொல்லவில்லையென்றால் ஜாவாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லியாயிற்று.

நிஜமான முரடன் 1983இல் வந்தான். அரியானாவின் ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி தயாரித்த ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350க்கு இந்தியப் பெயர். ஜப்பானில் அந்த மாடல் 1973இல் வந்து 1975இல் ஓய்வுபெற்றுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. நமக்கு அப்போதுதான் காது குத்தினார்கள். 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானில் 39 குதிரை. கஸ்டம்ஸ் தாண்டி வருவதற்குள் அது 30.5 ஆனது. அதுவும் பெட்ரோலைக் குடிக்கிறது என்று அப்பாக்கள் அலறியதால், பிறகு 27 குதிரையோடு சாது மாடல் ஒன்றும் வந்தது. எட்டரையும் பன்னிரண்டுமாக வெட்டிய குதிரையிலேயே இன்னொரு முழு வண்டி ஓடும்; மிச்சமிருந்ததே ஊரைக் கலக்கப் போதுமானதாக இருந்தது.

குதிரையைக் கொடுத்தவர்கள் கடிவாளத்தில் கை வைத்துவிட்டார்கள். ஜப்பானில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது, இங்கே டிரம். பிக்கப் கொடுத்தால் வண்டி போய்விடும், பிரேக் பிடித்தால் யோசித்துவிட்டு நிற்கும். அந்த யோசனைக் காலத்தில் எதிரே வருகிற டிராக்டர்காரர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது ஆயுள். ஆர், டி என்ற இரண்டு எழுத்துக்கும் வேகமான மரணம் என்று பையன்கள் ஆங்கிலத்தில் விரிவு சொல்லித் திரிந்தார்கள். அந்தப் பெயரால் விற்பனை குறைந்தது, மரியாதை கூடியது. இன்றைக்கு ஒரு ஆர்.டி. நல்ல நிலையில் வெளியே வந்தால் அதைச் சுற்றி நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அதை வாங்க வீட்டில் அனுமதி கிடைத்திருக்காது.

ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை 1985இன் கடைசியில் அதே யமஹாவிடமிருந்து வந்தது. ஆர்.எக்ஸ். 100. வெறும் 98 சிசி, 11 குதிரை, எடை நூறு கிலோ சுமார். விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி வட்டாரத்தின் உண்மையான தெருச்சண்டைக்காரன் அதுதான். காரணம் எளிய கணக்கு. வண்டியும் ஆளும் சேர்ந்த எடையை எஞ்சினின் சக்தியால் வகுத்துப் பாருங்கள், ஆர்.எக்ஸ்.ஸில் மெலிந்த பையன் ஒருவன் உட்கார்ந்தால் புல்லட்டில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டரை முதல் இருநூறு மீட்டரில் காணாமல் அடித்துவிடுவான். அதன்பின் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து அவனைக் கண்டுபிடிப்பது வேறு விஷயம்.

இனிதான் வரலாற்றாசிரியர்கள் மறைத்த பகுதி. ஆர்.எக்ஸ். வாங்கிய பையன் முதல் மாதமே பட்டறைக்கு வருவான்.

“அண்ணே, இதெல்லாம் கழட்டிடுங்க.”

“எதெல்லாம்டா தம்பி?”

“சாரி கார்டு, கண்ணாடி, சைடு டூம், முன்னாடி மட்கார்டுல பாதி.”

“உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாமத்தான்ணே கழட்டணும்.”

கூடவே ஹேண்டில்பாரை மாற்றி நேர்க்கம்பி போடுவான். சைலன்சரின் உள்குழாயை உருவச் சொல்வான். பட்டறை மூலையில் கழற்றிப் போட்ட சாமான்களைக் கூட்டினால் இன்னொரு மொபெட் தேறும். எடை குறைந்தது, சத்தம் கூடியது, எஞ்சின் வெளியே தெரிந்தது. இந்தச் சூத்திரத்துக்கு நாம் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் போலோன்யாவிலிருந்து மாதாமாதம் மணியார்டர் வந்துகொண்டிருக்கும்.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறு காரணத்துக்காக அதே வேலை நடந்தது. 1985இல் சுசுகி ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர் 750 என்ற வண்டியைச் சந்தைக்கு விட்டது. பந்தய வண்டியைக் கொஞ்சம்தான் அடக்கித் தெருவுக்கு அனுப்பியிருந்தார்கள். உடம்பு முழுக்க ஃபேரிங். வெள்ளைக்காரப் பையன்கள் வாங்கினார்கள், விழுந்தார்கள். விழுவது அங்கேயும் இலவசம், ஃபேரிங்குக்குத்தான் காசு. எஞ்சின் நன்றாக இருக்கும், சக்கரம் ஓடும், உடைந்த பிளாஸ்டிக்கை மாற்ற மட்டும் கம்பெனி கேட்கிற விலையில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். அவர்கள் உடைந்ததைக் குப்பையில் போட்டார்கள். குனிந்து ஓட்டுகிற தாழ்ந்த ஹேண்டிலை எடுத்துவிட்டு அகலமான நேர்க்கம்பி. முன்னால் இரண்டு உருண்டை லைட். நூறு குதிரை சக்தியுள்ள எஞ்சின், அதன் மேல் டேங்க், டேங்குக்குப் பின்னால் ஒரு பிடிவாதக்காரன். ஸ்ட்ரீட்ஃபைட்டர் முடிந்தது. கையில் காசில்லாததும் ரோட்டில் விழுந்ததும் சேர்ந்து செய்த வண்டி அது. எந்த கேட்டலாக்கிலும் இந்த வரி இருக்காது.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? அர்ஜென்டினாவில் பிறந்த மிகேல் கல்லூஸி டுகாட்டியில் டிசைனர். அவர் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை. 900 சூப்பர்ஸ்போர்ட்டிலிருந்து எஞ்சின், 851 குடும்பத்திலிருந்து குழாய்ச் சட்டம், மீந்த சோற்றில் கிளறிய புளியோதரை. 1992இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் வைத்தார்கள், 1993இல் விற்பனை. மான்ஸ்டர் என்று பெயர். கூட்டம் அள்ளியது; டுகாட்டியின் கல்லாவைப் பல வருடம் நிரப்பியது. டிரையம்ஃப் 1994இல் ஸ்பீட் டிரிபிளை இறக்கியது. 1997இல் அதற்கு இரண்டு உருண்டைக் கண் வைத்து, தெருப் பையன்களின் கைவேலையை ஷோரூமில் பெயின்ட் அடித்து நிறுத்தியது. விழுந்தவன் ஓசியில் அடைந்த கோலத்தை விழாதவன் காசு கொடுத்து வாங்கும் காலம் அப்படித்தான் தொடங்கியது.

2000இல் மிஷன் இம்பாசிபிள் இரண்டாம் பாகத்தில் டாம் குரூஸ் ஸ்பீட் டிரிபிள் ஓட்டி வித்தை காட்டினார். எங்கள் ஊர் அசரவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றி மறு காலால் சுற்றி நிற்பவர்களையெல்லாம் உதைக்கிற ஆளைத் திரையில் பார்த்து வளர்ந்த ஊர் இது. 2006இல் அவரைச் சட்டமன்றத்துக்கே அனுப்பிவைத்தது. விஜயகாந்தின் கட்சி அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க நின்று ஜெயித்தது இந்த ஒரே தொகுதியில்தான்.

இப்போது பீங்கானுக்கு வருகிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டியபோது நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண்ணும் வந்தது. பக்கத்திலேயே விருத்தாசலம். அரசு செராமிக் தொழிற்பேட்டை போட்டது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கக் கல்வி நிலையமும் வைத்தது. பொம்மை, அகல் விளக்கு, இன்சுலேட்டர், வீட்டு மீட்டர் பெட்டியில் கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பியூஸ் கட்டை எல்லாம் இங்கே சூளையில் வெந்தவை. இதற்கும் பைக்குக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் வண்டியில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு விரல் நீளம் இருப்பது என்ன? பீங்கான் சாதி. பெரும்பாலும் அலுமினா.

ஜப்பான்காரன் இதைக் குடும்பத் தொழிலாகவே செய்தான். மொரிமுரா குழுமம் 1904இல் சாப்பாட்டுத் தட்டு செய்ய ஒரு கம்பெனி தொடங்கியது, அதுதான் நோரிடாகே. 1917இல் கழிப்பறைக் கோப்பைக்கு ஒன்று, அது டோடோ. 1919இல் மின்கம்ப இன்சுலேட்டருக்கு ஒன்று. அதிலிருந்து 1936இல் ஸ்பார்க் பிளக்குக்கு ஒன்று பிரிந்தது. நம் ஊர் மெக்கானிக் அட்டைப் பெட்டியைக் கிழித்து எடுக்கும் என்.ஜி.கே. பிளக் அதுவே. ஆக, சோறு தின்கிற தட்டும், காலையில் உட்காருகிற கோப்பையும், 200 குதிரை பைக்கின் பிளக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது, இரண்டாயிரம் டிகிரிக்கும் மேல் எரிகிறது, நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை வெடிக்கிறது. நடுவில் ஒரு பீங்கான் அசையாமல் நிற்கிறது. அது விரிசல் விட்டால் போலோன்யா சிங்கமும் தள்ளிக்கொண்டு போகிற வண்டிதான்.

டூ ஸ்ட்ரோக் காலத்தில் இந்தப் பீங்கானோடு தினசரி பேச்சுவார்த்தை உண்டு. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் பிளக் அடைத்துக்கொள்ளும். உளுந்தூர்பேட்டை சாலையில் புளியமரத்தடியில் ஓர் ஆர்.எக்ஸ். நின்றால் பக்கத்தில் ஒருவர் குந்தியிருப்பார். பிளக் ஸ்பேனரால் கழற்றுவார், முனையை உப்புத்தாளில் தேய்ப்பார், ஊதுவார், வெயிலில் காட்டுவார். முனை காப்பிப் பொடி நிறமென்றால் எஞ்சின் சுகம். கரியும் ஈரமுமாக இருந்தால் ஆயில் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் கொதிக்கிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நாடி பார்த்து நோய் சொல்கிற வித்தை. இன்றைய வண்டியில் மஞ்சள் விளக்கு எரிகிறது, சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் செருகுகிறார்கள், பில் மட்டும் பழைய வைத்தியர் கேட்காத தொகை.

புகைச் சட்டங்கள் இறுக, 1996இல் ஆர்.எக்ஸ். 100 நின்றது. 2001இல் பஜாஜ் பல்சர் வந்தது. 2007 தீபாவளிக்கு வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’. பல்சர் திருட்டுப்போய் அதைத் தேடித் தனுஷ் சென்னை முழுக்க அடி வாங்குகிறார், அடிக்கிறார். அவ்வளவு ரத்தம் தேவையே இல்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். பொருள் காணாமல் போனாலும், கடன் வாங்கியவன் ஏமாற்றினாலும் வெள்ளைத் தாளில் பிராது எழுதிக் கட்டிவிடலாம். எவ்வளவு தூரத்து வழக்கோ அந்தக் கிலோமீட்டர் கணக்கில் படிகாசு. காரியம் முடிந்ததும் வந்து ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். படம் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். தயாரிப்பாளருக்குத்தான் நஷ்டம்.

2008இல் யமஹா எஃப்.இசட். வந்தது. டேங்க் பயில்வான் தோள், பின்னால் 140 டயர், எல்லாவற்றுக்கும் நடுவில் 14 குதிரை. ஜிம்முக்குப் போய் மேல்உடம்பை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்த பையன். ஆனால் பார்க்க நன்றாக இருந்தான். கல்லூரி வாசலில் அது போதும். 2012 ஜனவரியில் கே.டி.எம். டியூக் 200 புனேக்கருகே பஜாஜின் சாக்கன் ஆலையிலிருந்து இறங்கியது. 25 குதிரை, கம்பிக்கூடு மாதிரிச் சட்டம், அடுத்த வருடமே டியூக் 390 என்ற பெயரில் 43 குதிரை. ஆர்.டி.க்குப் பிறகு முப்பது வருடம் கழித்து மறுபடியும் அப்பாக்கள் கலங்கினார்கள். இந்த முறை பிரேக் சரியாக இருந்தது, தவணைதான் நிற்கவில்லை.

நம் ஓசூரும் பின்வாங்கவில்லை. டி.வி.எஸ். 2013இல் பி.எம்.டபிள்யூ.வோடு ஒப்பந்தம் போட்டது. ஜி 310 ஆர் என்ற நேக்கட், அதாவது சட்டை போடாத வண்டி, ஓசூரில் பிறந்து உலகம் சுற்றியது. எஞ்சினைப் பின்புறம் சாய்த்து, காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் போகும்படி தலைகீழாகத் திருப்பி வைத்த ஜெர்மன் குறும்பு அது. 2020இல் இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனியையே 1.6 கோடி பவுண்டுக்கு டி.வி.எஸ். வாங்கிவிட்டது. டி.வி.எஸ். 50இல் பால் கேன் கட்டிக்கொண்டு போன காசெல்லாம் எங்கே போனது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். 2023இல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 வந்தபோது, தமிழ்நாட்டுத் தெருச்சண்டைக்காரனுக்கு 35 குதிரைக்கு மேல் இருந்தது.

உச்சத்தில் இருப்பது டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4. 2020இல் வந்தபோதே 1,103 சிசி, 208 குதிரை. காசில்லாமல் பிளாஸ்டிக்கைக் கழற்றியதில் பிறந்த வம்சம், காசு வந்ததும் என்ன செய்தது தெரியுமா? இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் இறக்கை வைத்துக்கொண்டது. 270 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2020 மாடலின் இறக்கைகள் 28 கிலோ எடைக்குச் சமமாக வண்டியைக் கீழே அழுத்துமாம், முன்சக்கரம் தூக்காமலிருக்க. விருத்தாசலத்தில் டேங்க் மேல் அரை மூட்டை மல்லாட்டை வைத்தால் அதே பலன், வேகம் 30 ஆனாலும் சரி.

நேக்கட் வண்டியின் சுகம் 270இல் இல்லவே இல்லை. நூற்றிருபதைத் தாண்டினாலே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அரை மணியில் கழுத்து வலிக்கும். அதன் ராஜ்யம் பூஜ்யத்திலிருந்து எண்பது வரை. நிமிர்ந்த உட்கார்வு, அகலமான ஹேண்டில், கீழ் ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிற இழுப்பு. விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு ஷேர் ஆட்டோவுக்கும் ஒரு பசுவுக்கும் இடையில் கிடைக்கிற இரண்டு விநாடி இடைவெளியில் புகுந்து வெளியேறத்தான் இத்தனை இன்ஜினியரிங்கும். ரோட்டில் பாதியில் உளுந்து காய்கிறது, மீதியைக் கரும்பு டிராக்டர் எடுத்துக்கொள்கிறது. இங்கே 40 குதிரைக்கு மேல் வாங்குகிறவர் மிச்சக் குதிரைகளுக்குக் கொள்ளுச் செலவு மட்டும் செய்கிறார். சித்திரை வெயிலில் பெரிய எஞ்சினின் ரேடியேட்டர் விசிறி தொடையில் ஊதுகிற அனலுக்குத் தனிக் கட்டணமில்லை.

எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். முழுமுகத் தலைக்கவசம் வாங்குங்கள். முன்னால் ஃபேரிங் இல்லாத வண்டியில் உங்கள் மூஞ்சிதான் ஃபேரிங். எதைக் கழற்றினாலும் சாரி கார்டை விட்டுவையுங்கள். பின்னால் ஆள் உட்காரும் வண்டியில் பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி.